வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அப்பாவின் சம்பளக் கணக்கு எதற்கு?

லண்டனில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவரை இழந்தவர். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்து ஆண்டுக்கு 29,000 பவுண் சம்பாதிக்கிறார். பள்ளியில் படிக்கும் ஒரு மகன் இருக்கிறான். 2024 நவம்பரில் ஓர் இரவு, அவருடைய அக்காவின் 19 வயது மகள் ஒரு பையுடன் வந்து வாசலில் நின்றாள். உளவியல் படிக்க வேண்டும் என்று அவளும் கணக்கியல்தான் படிக்க வேண்டும் என்று தகப்பனும் மாதக்கணக்கில் மோதியதன் முடிவு அது. அன்று தகப்பன் கை நீட்டினார், அவளுடைய தொலைபேசியை உடைத்தார், "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்றார். அன்று முதல் சித்தி வீடுதான் அவளுக்கு வீடு. ஒரு காப்பிக் கடையில் வேலை செய்கிறாள். 2025 செப்டம்பரில் லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. குடும்பம் முழுவதும் பிரித்தானியக் குடியுரிமை பெற்றது.

தகப்பனுடன் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. தாய் மட்டும் கணவருக்குத் தெரியாமல் வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் அழைக்கிறார். தகப்பன் இரண்டு வேலை பார்த்து 2023-24 வரி ஆண்டில் 46,000 பவுண் ஈட்டியவர். 2025 ஜனவரியில் முதுகுவலியால் இரவு வேலையை விட்டுவிட்டதால் இப்போது 32,000தான். தாய்க்குப் பேரங்காடி வேலையில் 13,000. அந்த வீட்டில் பள்ளி செல்லும் தம்பி ஒருவன் இருக்கிறான்.

வாசகியின் கேள்விகள் இவை. மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, பிள்ளை தனியே வந்துவிட்டதால் பெற்றோர் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள்தானே? தன் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பார்களா? "தாயின் அழைப்புகளைப் பற்றி மூச்சு விடாதீர்கள், முழுக் கடனும் கிடைக்கும்" என்று தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் சொன்ன யோசனை சரியா? "அவளுக்குத்தான் ஒரு பொடியன் இருக்கிறானே, செப்டம்பருக்கு முன் பதிவுத் திருமணம் செய்தால் பிரச்சினை தீர்ந்தது" என்று தன் சொந்தத் தம்பி சொல்வது உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை வாட்டும் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் 29,000 பவுணை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். குடும்ப வருமானம் என்றவுடன் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களின் சம்பளம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மாணவர் கடன் விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஸ்டூடண்ட் ஃபினான்ஸ் இங்கிலாந்து கூரையைப் பார்ப்பதில்லை. மாணவி சட்டப்படி யாரைச் சார்ந்தவள் என்று பார்க்கிறது. சித்தி, மாமா, பாட்டி யாரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். நீங்கள் சோறு போடுவதும், வாடகை வாங்காமல் அறை கொடுப்பதும் அவளுடைய கடனை ஒரு பவுண் கூடக் குறைக்காது.

இதே விதி மறுபக்கம் உங்களுக்குப் பாதகமாக வேலை செய்கிறது. கூரையைப் பார்க்காத கணக்கு, அவள் அந்தக் கூரையை விட்டு வந்ததையும் பார்ப்பதில்லை. 25 வயது நிரம்பாத மாணவி எங்கே குடியிருந்தாலும் பெற்றோரைச் சார்ந்தவள் என்றே தொடக்கத்தில் கருதப்படுவாள். பெற்றோருடன் ஒத்துப்போகவில்லை, அவர்களுடன் வசிக்கவில்லை, வருமான விவரம் தர அவர்கள் மறுக்கிறார்கள் என்ற மூன்று காரணங்களும் தனித்தனியாகவோ சேர்ந்தோ போதாது என்று அரசின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இந்த மூன்றையும்தான் முதலில் அடுக்குவார்கள்.

எந்தக் கடனைப் பற்றிப் பேசுகிறோம்

இரண்டு கடன்கள் இருக்கின்றன. கற்கைக் கட்டணத்துக்கான கடன் 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண் வரை. நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதற்கும் பெற்றோர் வருமானத்துக்கும் தொடர்பே இல்லை. தகப்பன் கோடீஸ்வரராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் உங்கள் பெறாமகளுக்கு அது கிடைக்கும். எனவே "படிப்பே நின்றுவிடுமோ" என்று நீங்கள் எழுதிய பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

வருமானத்தைப் பார்த்து ஏறி இறங்குவது, மெயின்டனன்ஸ் லோன் என்று பிள்ளைகள் சொல்லும் வாழ்க்கைச் செலவுக் கடன். பெற்றோர் வீட்டில் இல்லாமல் லண்டனில் படிப்பவருக்கு 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சம் 13,762 பவுண். உங்கள் வீடு பெற்றோர் வீடு ஆகாது. ஆகவே அவள் இந்த உயர்ந்த விகிதத்தில்தான் வருவாள். குடும்ப வருமானம் 25,000 பவுணோ அதற்குக் கீழோ இருந்தால் முழுத்தொகை. அதற்கு மேல் வருமானம் ஏற ஏறக் கடன் குறைந்துகொண்டே வந்து, 70,000 பவுணை ஒட்டிய வருமானத்தில் 6,853 பவுணில் நின்றுவிடும். அதற்குக் கீழே போகாது. பெற்றோர் வருமான விவரம் எதுவும் தராவிட்டாலும் அந்த 6,853 அவளுக்கு உண்டு.

25,000 என்ற அந்த எல்லை பல ஆண்டுகளாக அசையாமல் கிடக்கிறது. இருவர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு முழுநேரம் உழைத்தாலே தாண்டிவிடும் தொகை அது. நம் சனத்தில் பாதிப் பேர் "வசதியான குடும்பம்" ஆனது இப்படித்தான். இதை எழுதும்போது எனக்கு வரும் எரிச்சல் உங்கள் பெறாமகளுக்கு எந்த வகையிலும் உதவாது என்பதால் மேலே போகிறேன்.

சுயாதீன மாணவி ஆக முடியுமா

பெற்றோர் வருமானத்தைக் கேட்காமல் முழுத்தொகை கிடைக்க வேண்டுமானால் அவள் சுயாதீன மாணவி என்று ஏற்கப்பட வேண்டும். கல்வியாண்டின் முதல் நாளில் 25 வயது நிரம்பியிருப்பது, தன் பொறுப்பில் ஒரு குழந்தை இருப்பது, பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லாதது, அரசுப் பராமரிப்பில் வளர்ந்தது ஆகிய வழிகள் அவளுக்குப் பொருந்தாது. படிப்புக்கு முன் மொத்தம் 3 ஆண்டுகள் சொந்தக் காலில் நின்றிருப்பதும் ஒரு வழி. காப்பிக் கடை வேலை அதற்குக் காணாது.

மீதியிருப்பவை இரண்டு. ஒன்று, உங்கள் தம்பி சொன்ன திருமணம். மற்றது பெற்றோருடன் மீளமுடியாதபடி உறவு முறிந்துவிட்டது என்று நிறுவுவது.

தம்பியின் யோசனை சட்டப்படி பிழையில்லை. கல்வியாண்டு தொடங்குமுன் திருமணமானவர் சுயாதீன மாணவர்தான். ஆனால் அதன் பிறகு குடும்ப வருமானம் என்றால் கணவனின் வருமானம். அந்தப் பொடியன் நல்ல சம்பளத்தில் இருந்தால் தகப்பன் இருந்த இடத்தில் அவன் வந்து நிற்பான், கடன் மறுபடியும் இறங்கும். கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். தன் படிப்பைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று வீட்டை விட்டு வந்த பெண்ணை, ஒரு விண்ணப்பப் படிவத்துக்காகக் கழுத்தை நீட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கே திருமணம் செய்யும் எண்ணம் இருந்தால் அது வேறு கதை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

உறவு முறிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தகப்பன், தாய் இருவருடனும் தொடர்பு அற்றுப்போயிருக்க வேண்டும். அது இனிச் சீராக வாய்ப்பில்லை என்றும் இருக்க வேண்டும். பொதுவாகக் கல்வியாண்டு தொடங்குமுன் 12 மாதங்களாவது தொடர்பு இல்லாமல் இருந்ததா என்று பார்ப்பார்கள். வன்முறையோ மிரட்டலோ இருந்ததற்குச் சான்று இருந்தால் அதற்குக் குறைந்த காலத்தையும் பரிசீலிப்பார்கள். ஆசிரியர், குடும்ப வைத்தியர், சமூக சேவையாளர், மனநல ஆலோசகர் போன்று தொழில்முறையில் அவளை அறிந்த ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். சித்தி என்ற முறையில் நீங்கள் எழுதும் கடிதம், எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அந்தச் சான்றாகாது.

உங்கள் பெறாமகளுக்கு இதில் இரண்டு தடைகள். நவம்பரிலிருந்து செப்டம்பர் வரை 10 மாதங்கள்தான் என்பது சிறிய தடை. வாரந்தோறும் அழைக்கும் தாய்தான் பெரிய தடை. ஆண்டில் ஒருமுறை எதிர்பாராமல் வந்த குறுஞ்செய்தியை விளக்கிச் சொல்லலாம். வாராவாரம் "சாப்பிட்டாயா" என்று கேட்கும் உறவை முறிந்த உறவு என்று எழுதவே முடியாது. தாய் தகப்பனுடன் ஒரே வீட்டில் இருப்பதால், தகப்பனை மட்டும் விலக்கிவிட்டுத் தாயின் 13,000 பவுணைக் காட்டவும் வழியில்லை. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் மட்டும்தான் ஒருவருடைய வருமானம் பார்க்கப்படும். அப்போதும் அவருடன் வாழும் துணையின் வருமானம் சேரும்.

அழைப்புகளை மறைப்பது

சங்கத்து நண்பர் உதவும் எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவரல்ல, 19 வயதுப் பெண். தெரிந்தே பொய்த் தகவல் தந்து கடன் பெறுவது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், கூடுதலாகக் கொடுத்த பணத்தைப் படிப்பின் நடுவிலேயே திரும்பக் கேட்பார்கள். உறவு முறிந்ததாகச் சொன்ன மாணவர்கள் சிலரின் சமூக ஊடகப் பக்கங்களை மாணவர் கடன் நிறுவனம் பார்த்து விசாரித்தது 2018இல் செய்தியானது. அது கண்டனத்துக்கு உள்ளான நடவடிக்கைதான்; ஆனாலும் பிறந்தநாள் படத்தின் கீழே அம்மா போட்ட இதயக்குறி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பொய் வேண்டாம், தாயை உண்மையாகவே ஒரு வருடம் பேசாமல் இருக்கச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வீட்டிலிருந்து இந்தப் பிள்ளைக்கு வரும் ஒரே அன்பு அந்த அழைப்பு. அதைக் கடனுக்காக அறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன்.

நான் போகச் சொல்லும் வழி

உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக எடுக்காத ஒரு விவரம்தான் என் கண்ணில் பட்டது. அத்தான் இரவு வேலையை விட்டுவிட்டார்.

2025-26 விண்ணப்பத்துக்கு 2023-24 வரி ஆண்டின் வருமானத்தையே பார்ப்பார்கள். அதன்படி குடும்ப வருமானம் 59,000. பெற்றோரைச் சார்ந்த தம்பி ஒருவன் அவளுக்கு இருப்பதால் 1,130 கழியும். ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணமும் கழியும். அந்தக் கழிவை விட்டாலும், 57,870 பவுணுக்கு என் கணிப்பில் ஏறத்தாழ 8,700 பவுண் கடன் வரும். ஆனால் 2025-26 வரி ஆண்டின் வருமானம் அந்தப் பழைய ஆண்டைவிடக் குறைந்தது 15 சதவீதம் குறையும் என்றால், நடப்பு ஆண்டு வருமானத்தின்படி மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். 59,000 இப்போது 45,000 ஆகிவிட்டது. 15 சதவீதத்தைத் தாராளமாகத் தாண்டிய வீழ்ச்சி. அவளுடைய தம்பிக்கான கழிவோடு பார்த்தால் கடன் ஏறத்தாழ 10,900 பவுணுக்கு உயரும். ஒன்றும் தராவிட்டால் கிடைக்கும் 6,853 பவுணோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 4,000 பவுண் வித்தியாசம், ஒரு பொய்யும் இல்லாமல்.

பெற்றோர் முதலில் 2023-24 விவரத்தைத் தந்துவிட்டு, பிறகு நடப்பு ஆண்டுக்கான படிவத்தைத் தர வேண்டும். ஆண்டு முடிவில் உண்மையான தொகையையும் காட்டவேண்டிவரும். அத்தான் நடுவில் இன்னொரு வேலையில் சேர்ந்து வருமானம் ஏறினால், அதை உடனே சொல்லாவிட்டால் பிள்ளை கூடுதல் கடன் வாங்கியதாக ஆகிவிடும்.

இந்த வழிக்கு அத்தானின் ஒத்துழைப்பு வேண்டும். தாய் மட்டும் தருவது போதாது, இருவரின் விவரமும் வேண்டும். அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. அதனால் அவர் ஏன் மறுப்பார் என்று பார்ப்போம். கோபம் ஒன்று, அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் நம் தகப்பன்மார் பலர் மறுப்பதற்குப் பின்னால் கோபத்தைவிடப் பயம் அதிகம். "என் பெயரில் கடன் ஏறும், நாளைக்கு வீட்டுக் கடன் எடுக்க முடியாது" என்ற பயம். அது தவறு. வருமான விவரம் தருபவர் பிணை நிற்பவர் ஆகமாட்டார். கடன் முழுவதும் மாணவியின் பெயரில். அவள் கட்டாவிட்டால் பெற்றோர் வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். அவருடைய கடன் தகுதியில் இது பதியவும் மாட்டாது.

மகளுக்கு என் சம்பளம் தெரிந்துவிடும் என்ற கூச்சமும் சிலருக்கு உண்டு. பெற்றோர் தங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து விவரத்தை நேரடியாகவே அனுப்பலாம். அவள் கையில் ஒரு தாளும் வர வேண்டியதில்லை. வருமான வரித் திணைக்களத்தின் பதிவோடு அதைச் சரிபார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தொகையும் இங்கே ஒரு தொகையும் எழுத முடியாது.

அவருக்கு விளங்கும் வகையில் கடனைத் திருப்பிச் செலுத்தும் முறையையும் சொல்லுங்கள். இப்போது படிப்பைத் தொடங்குபவர், ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் சம்பாதிக்கும் பகுதியில் 9 சதவீதம் கட்டினால் போதும். சம்பளம் 30,000 என்றால் ஆண்டுக்கு 450 பவுண். வேலை போனால் தவணையும் நின்றுவிடும். 40 ஆண்டுகளில் கட்டி முடியாத மிச்சம் தள்ளுபடியாகும். வட்டிக்கடைக் கடன் போல இதை நினைத்துப் பயப்படும் பெரியவர்களுக்கு இந்த ஒரு பத்தி பல சண்டைகளை மிச்சப்படுத்தும்.

யார் பேசுவது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பேசினால் "என் பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாள்" என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அவர் மதிக்கும் ஒரு மூத்தவரைக் கேளுங்கள். அவரும் படிப்பைப் பற்றியோ திரும்பி வருவதைப் பற்றியோ பேச வேண்டாம். படிவத்தைப் பற்றி மட்டும் பேசட்டும்.

ஒரே ஒரு வரியில் கடந்துபோன விஷயம்

"அன்று கை நீட்டினார்" என்று எழுதிவிட்டு உடனே சம்பளக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். அது முதல் தடவையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பெறாமகளிடம் தனியாக, அவசரமில்லாமல் கேளுங்கள். அவள் பயத்தில்தான் வந்திருக்கிறாள் என்றால், மேலே சொன்ன மூத்தவர் யோசனையை அவள் சம்மதமில்லாமல் தொடங்க வேண்டாம். குடும்ப வைத்தியரிடமும், இடம் கிடைத்த பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவிலும் அவள் நடந்ததைச் சொல்லிப் பதிவாக்கிவைப்பது நல்லது. அவளுடைய பாதுகாப்புக்காக அதைச் செய்ய வேண்டும். நாளைக்கு அந்த வீட்டுடன் தொடர்பு உண்மையாகவே அற்றுப்போனால், அடுத்த கல்வியாண்டில் உறவு முறிந்த மாணவியாக விண்ணப்பிக்கும்போது அதே பதிவுகள் சான்றாகவும் நிற்கும். கடனுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இந்த வருட முடிவு எல்லா வருடங்களுக்கும் பொருந்தும் முடிவல்ல.

இப்போது செய்யவேண்டியவை

பெற்றோர் முடிவுக்காகக் காத்திருக்காமல் அவள் இன்றே விண்ணப்பிக்கட்டும். வருமானம் பார்க்காத குறைந்தபட்சக் கடனை இப்போது கேட்டுவிட்டு, பெற்றோர் சம்மதித்தால் பிறகு வருமான மதிப்பீட்டைச் சேர்க்கலாம். கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து 9 மாதங்கள் வரை அவகாசம் இருக்கிறது. பணம் மூன்று தவணைகளாக வரும். முதல் தவணை பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பின்தான் கையில் கிடைக்கும் என்பதால் செப்டம்பர் பஸ், ரயில் செலவுக்குக் காப்பிக் கடைச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். படிக்கும் காலத்தில் அவள் பகுதிநேரமாக உழைக்கும் சம்பளம் கடனைக் குறைக்காது. அத்தான் மறுத்தே விட்டால், பல்கலைக்கழகத்தின் இடர்கால நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அது திருப்பிக் கட்டவேண்டாத பணமாகவே பெரும்பாலும் இருக்கும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு.

கடைசியாக, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் பயமாக மட்டும் எழுதிய ஒன்று. வீட்டில் ஒரே பெரியவர் என்ற முறையில், உள்ளூராட்சி சபை வீடுகளிடம் வசூலிக்கும் கவுன்சில் வரியில் 25 சதவீதக் கழிவு பெறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் மாணவியானால் அது போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். போகாது. முழுநேர மாணவரை அந்தக் கணக்கில் பெரியவராக எண்ணுவதில்லை. படிப்புத் தொடங்கியதும் பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழைக் கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும். சிக்கல் இதற்கு முந்திய மாதங்களில் இருக்கிறது. நவம்பரிலிருந்து அவள் படிப்பில் இல்லாத, வேலை செய்யும் 19 வயதுப் பெரியவர்; அந்த மாதங்களுக்கு உங்களுக்குக் கழிவு உரித்தல்ல. கவுன்சில் கண்டுபிடித்துக் கேட்குமுன் நீங்களே அறிவித்துவிடுங்கள். பாக்கியைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம், அந்தத் தவணையில் ஒரு பங்கை உங்கள் பெறாமகள் தன் சம்பளத்திலிருந்து தரவும் முடியும்.